வாசகர் கேள்வி: சுவத்துல மொதல்ல என்ன வைக்கிறது?

கேள்வி: எங்க தாத்தாவோட அண்ணன ரெண்டாவது உலகப் போர் சமயத்துல ஜப்பான்காரங்க சயாம்-பர்மா ரயில் பாதை போட புடிச்சிட்டுப் போனாங்க, திரும்பி வரவே இல்ல. போன ஸ்கூல் லீவுல தாய்லாந்துல காஞ்சனபுரி போயி, அந்தப் பாதைக்காகப் பாறைய வெட்டுன எடமான ஹெல்ஃபயர் பாஸ்ல இருக்கிற நினைவு மையத்தப் பாத்தோம். இப்ப எங்க பழைய தோட்டத்து ஆளுங்க சேந்து நினைவுக்கல் பக்கத்துல விளக்க மையம் ஒண்ணு கட்டப் போறோம், ரெண்டு ரூம்தான். உள்ள என்ன வைக்கலாம்?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மொதல்ல பேருங்கம்மா. மேப்பு, டிவி எல்லாம் அப்புறம். காஞ்சனபுரி போர்க் கல்லறையில பாத்திருப்பீங்க, கிட்டத்தட்ட 7,000 கல்லு, வரிசை வரிசையா. அந்த 415 கிலோமீட்டர் பாதையில செத்த போர்க்கைதிங்க 12,000 பேருக்கு மேல, அவங்களுக்குப் பட்டியல் இருக்கு. ஆசியத் தொழிலாளிங்க 90,000 பேரு வரைக்கும் செத்திருக்கலாம்னு கணக்கு சொல்றாங்க, அதுல நம்ம தோட்டத்து சனங்க ஏராளம், வாந்திபேதியில போனவங்கள மொத்தமா குழியில தள்ளிட்டாங்க, பேரு போட்ட கல்லு எங்க இருக்கு? அதனால தோட்டத்துப் பேரு மேல, ஆளு பேரு கீழ, பேரு தெரியலன்னா 'ரெண்டாவது லயத்து மாரியம்மா புருஷன்'னு ஊருல எப்படிச் சொன்னாங்களோ அப்படியே எழுதுங்க. பக்கத்துல எடம் காலியா விடுங்க, இன்னும் பேரு வரும்.

ஹெல்ஃபயர் பாஸ் மையம் 1998ல தொறந்தது, அதுக்கு வித்து போட்டவரு அங்க கைதியா கெடந்து பின்னால திரும்பிப் போன டாம் மோரிஸ்ங்கிற ஆஸ்திரேலியர். எனக்கு அங்க புடிச்சதே, விஷயத்தச் சொல்லிட்டு உங்கள படியில எறக்கி பாறைக்கே அனுப்பிடறதுதான். கீழ பாறைக்குள்ள ஒடைஞ்ச துளைக்கம்பி ஒண்ணு இன்னும் மாட்டிக்கிட்டு நிக்குது, அந்த மாதிரி கம்பிய சுத்தியலால கையில அடிச்சுத்தான் எறக்குனாங்க, நான் அதப் பாத்துட்டு ரொம்ப நேரம் நகரவே இல்ல. உங்க மையமும் கடைசியில ஆளுங்கள வெளிய அந்த நினைவுக்கல்லுகிட்ட கொண்டுபோயி விடணும்.

எலும்பும் தோலுமா சிலை வைக்காதீங்க, செத்தவங்களுக்கு அது மரியாதை இல்ல. எழுத்து தமிழ், மலாய், இங்கிலீஷ் மூணுலயும், தமிழ் பெருசா, பாட்டிங்க கண்ணாடி இல்லாம படிக்கிற மாதிரி. வாழைமர நோட்டு (ஜப்பான்காரன் அடிச்ச பணம்), பழைய கடுதாசி கெடச்சா நகல மட்டும் மாட்டுங்க, நம்ம ஊரு ஈரக்காத்துல அசலுக்குப் பூசணம் புடிச்சிடும்.

ரெண்டாவது ரூம, ஆம்பளைங்க போனப்புறம் லயத்து வீட்டுலயே தங்குன பொம்பளைங்களுக்குக் குடுங்க. ஜப்பான்காரன் காலத்துல பத்து வயசா இருந்தவங்களுக்கு இப்ப தொண்ணூறு தாண்டிருச்சும்மா. இந்த ஞாயித்துக்கெழமையே போயி, ஆம்பள இல்லாத வீட்டுல மரவள்ளிக்கெழங்க வச்சு அவங்க அம்மா எப்படி வளத்தாங்கன்னு கேட்டு போன்ல ரெக்கார்ட் பண்ணிடுங்க, கட்டடத்துக்கு அப்புறமா கல்லு வாங்கலாம்.