சிங்கிள் என்ட்ரி விசாவில் வாடிகன் போய்வரலாமா?

கேள்வி: பெற்றோருடன் ரோம் போகிறோம். கிடைத்திருப்பது சிங்கிள் என்ட்ரி ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது, ஆனால் ஒருமுறைதான் நுழையலாம்). வாடிகன் தனி நாடாமே, உள்ளே போய்த் திரும்பினால் இத்தாலியை விட்டு வெளியேறியதாகக் கணக்காகிவிடுமா? அங்கே பர்ஸோ பாஸ்போர்ட்டோ தொலைந்தால் எந்த நாட்டுப் போலீஸிடம் போவது? அங்கே ஆட்சி நடத்துவது யார் என்று அப்பா வேறு கேட்கிறார்.

பதில்: ஆகாது, தைரியமாகப் போய்வாருங்கள். வாடிகன் ஷெங்கன் உறுப்பு நாடு அல்ல என்பதால் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் எல்லையில் குடியேற்றக் கவுண்டரும் இல்லை, பாஸ்போர்ட்டில் முத்திரையும் இல்லை. புனித பேதுரு சதுக்கத்தின் முகப்பில் தரையில் ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான் எல்லை. பேராலயத்துக்கு முன் நிற்கும் நீண்ட வரிசை பாதுகாப்புச் சோதனைக்காக மட்டுமே.

போலீஸ் விஷயத்தில்தான் சிக்கல். அதற்குக் கொஞ்சம் வரலாறு வேண்டும். ஒரு காலத்தில் இத்தாலியின் நடுப்பகுதியைப் போப்பாண்டவர்கள் மன்னர்களாகவே ஆண்டார்கள். 1870 செப்டம்பர் 20 அன்று இத்தாலியப் படை போர்த்தா பியா என்ற நகர வாசலருகே மதிலைத் தகர்த்து ரோமுக்குள் நுழைந்தது. அப்போதைய போப் ஒன்பதாம் பயஸ் அதை ஏற்கவில்லை. ‘வாடிகன் கைதி’யாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டார். பின்னால் வந்த போப்புகளும் அதே பிடிவாதம்தான், 59 ஆண்டுகள். கடைசியில் 1929 பிப்ரவரி 11 அன்று இத்தாலியப் பிரதமர் முசோலினியும் போப்பின் சார்பில் கர்தினால் கஸ்பாரியும் லாத்தரன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். சுமார் 44 ஹெக்டேரில் ஒரு நாடு பிறந்தது. போப் எந்த அரசனுக்கும் குடிமகனாக இருக்கக்கூடாது, அதற்காக உருவாக்கிய நாடு இது.

அந்த உடன்படிக்கையின் 3ஆவது பிரிவுதான் உங்களுக்கான பதில். சதுக்கம் வாடிகனுடையது, ஆனால் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும். அங்கே காவல் அதிகாரம் பேராலயப் படிக்கட்டின் அடிவரை இத்தாலியப் போலீஸுக்கு. ஆகவே சதுக்கத்தில் பர்ஸ் போனால் இத்தாலியப் போலீஸ். பேராலயத்துக்குள்ளோ மியூசியத்திலோ போனால் வாடிகனின் சொந்தக் காவல் படையான ஜெந்தார்ம்கள். கோடுபோட்ட உடையில் நிற்கும் சுவிஸ் காவலர்கள் 1506 முதல் போப்பின் மெய்க்காவல் படை; திருட்டுப் புகாரோடு அவர்களிடம் போகாதீர்கள்.

இது வெறும் ஏட்டுச் சட்டமல்ல. 1981 மே 13 அன்று சதுக்கத்தில் போப் இரண்டாம் ஜான் பாலைச் சுட்ட அலி அக்ஜாவுக்கு ஆயுள் தண்டனை விதித்தது இத்தாலிய நீதிமன்றம். 2012இல் போப்பின் அந்தரங்கக் காகிதங்களைத் திருடிய பணியாளரை விசாரித்ததோ வாடிகன் நீதிமன்றம்.

பாஸ்போர்ட் தொலைந்தால் போலீஸில் புகார் பதிந்துகொண்டு ரோமிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். வாடிகன் மதிலுக்குள் எந்த நாட்டுத் தூதரகமும் கிடையாது. நம் தூதரகம் இருக்கும் தெருவின் பெயர் ‘வியா வென்தி செத்தெம்ப்ரே’, அதாவது செப்டம்பர் 20 தெரு. ஆம், மதிலைத் தகர்த்த அதே செப்டம்பர் 20தான். தெரு போய் முடிவதும் போர்த்தா பியாவில்தான்.

இனி அப்பாவின் கேள்வி. சட்டம், நிர்வாகம், நீதி மூன்றிலும் முழு அதிகாரம் போப்பிடமே. ஆனால் வாரிசு முறை கிடையாது. போப்புக்கு அடுத்த நிலையில் இருக்கும் கர்தினால்களில் 80 வயதுக்குட்பட்டவர்கள் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தேர்ந்தெடுக்கிறார்கள். இப்போதைய போப் 14ஆம் லியோ தேர்வானது 2025 மே 8இல். அன்றாட நிர்வாகம் ஆளுநரகத்தின் பொறுப்பு. 2025 மார்ச் முதல் அதன் தலைவர் ரஃபேல்லா பெத்ரீனி என்ற கன்னியாஸ்திரி. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான். குடியுரிமை பிறப்பால் வருவதில்லை, வேலையோடு வரும், பெரும்பாலும் வேலையோடு போய்விடும். ஐ.நா.வில் பார்வையாளராக இருப்பதும் தூதர்களை அனுப்புவதும் வாடிகன் நாடு அல்ல, திருப்பீடம், அதாவது போப்பின் தலைமையிலான கத்தோலிக்கத் திருச்சபையின் மைய அமைப்பு. இந்த இரண்டையும் பத்திரிகைகளே குழப்பிக்கொள்கின்றன.

அப்புறம், ஊருக்குக் கார்டு போடுவதாக இருந்தால் வாடிகன் தபால்தலை ஒட்டி வாடிகன் பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். வெளியே இத்தாலியப் பெட்டியில் அந்தத் தலை செல்லாது.