சும்மா கிடக்கிற மலை

கேள்வி: கனடாவில் ராக்கி மலையில் நிலக்கரி எடுக்கக் கூடாது என்று மக்கள் எதிர்க்கிறார்களாமே? சும்மா கிடக்கிற மலையைத் தோண்டினால் நாலு பேருக்கு வேலை கிடைக்கும். இதில் என்ன தப்பு?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: கனடாவுக்கு அப்புறம் போகலாம். முதலில் இந்தச் 'சும்மா'வைப் பேசித் தீர்த்துவிடுவோம்.

நம் பக்கத்துக் கரடுகளை வருவாய்க் கணக்கில் கல்லாங்குத்து, தரிசு, புறம்போக்கு என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தச் சொற்களோடு எனக்குப் பல வருடச் சண்டை. தரிசு என்று பேர் வைத்த அன்றைக்கே அதை வெட்டப் பாதி அனுமதி கொடுத்தாயிற்று. கரட்டில் ஆடு மேய்க்கிறவரைக் கேளுங்கள், சும்மா கிடக்கிறது என்று சொல்லமாட்டார். மழைத்தண்ணீர் அந்தச் சரிவில் இறங்கித்தான் ஓடையாகி ஏரிக்கு வருகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட்டுக்காக அறுத்த கரடுகளைப் போய்ப் பாருங்கள். தண்ணீர் குழியில் தேங்கி நிற்கும், கீழே ஏரி காய்ந்து கிடக்கும்.

பாறையில் இருப்பது தண்ணீரில் இறங்கும் என்று தர்மபுரிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இங்கே இறங்கியது ஃபுளோரைடு. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. போர்வெல்லை ஆழமாக இறக்க இறக்க, தாண்டிய தண்ணீரைத்தான் குடித்தோம். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேருக்குக் காவிப் பல். பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. ஒகேனக்கல் தண்ணீர் 2013இல்தான் வந்தது. ஃபுளோரைடால் வளைந்த முழங்கால் அதற்காக நிமிரவில்லை.

ராக்கி மலையில் இறங்குவது செலினியம். கரிக்காக உடைத்துக் கொட்டிய பாறையில் மழையும் காற்றும் பட்டால் அது கரைந்து ஆற்றில் சேர்கிறது. மீன் முட்டையில் ஏறினால் குஞ்சு ஊனமாகப் பொரிக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் எல்க் பள்ளத்தாக்கில் ஆற்றைக் கெடுத்ததற்காக டெக் என்கிற நிலக்கரிச் சுரங்க நிறுவனம் 2021இல் 6 கோடி கனடா டாலர் அபராதம் கட்டியது. பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டா மக்கள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அங்கே ராக்கியின் கிழக்குச் சரிவைக் காத்துவந்த 1976ஆம் வருட நிலக்கரிக் கொள்கையை 2020இல் அரசு யாரையும் கேட்காமல் எடுத்துவிட்டது. மாடு வளர்ப்பவர்கள், ஓல்ட்மேன் ஆற்றுத் தண்ணீரில் பயிர் வைக்கிறவர்கள், பிளாக்ஃபுட் பழங்குடிகள் எல்லோரும் எழுந்தார்கள். 2021 பிப்ரவரியில் கொள்கை திரும்பி வந்தது. ஜூனில், அங்கே கிராஸி மலையில் தோண்டவிருந்த நிலக்கரிச் சுரங்கத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஆனால் 2025 ஜனவரியில் அரசு தடையை மறுபடி தளர்த்தியது. அதே மாதத்தில்தான் இங்கே மதுரைப் பக்கம், மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் ரத்தானது. மேலூர்க்காரர்கள் விடாமல் நின்றார்கள்.

வேலை என்கிறீர்கள். சரி, அது சின்ன விஷயமில்லை. பெங்களூருக்குப் பஸ் ஏறும் நம் பிள்ளைகளை நானும்தான் பார்க்கிறேன். கிராஸி மலைக்குப் பக்கத்தில் குரோஸ்நெஸ்ட் பாஸ் என்கிற பழைய சுரங்க ஊர் இருக்கிறது. அங்கே 2024 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் பெரும்பாலோர் சுரங்கம் வேண்டும் என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தண்ணீர் அந்த ஊரோடு நிற்பதில்லையே. கீழே அதைக் குடிக்கிறவர்களுக்கு அந்த வாக்கெடுப்பில் ஓட்டு இல்லை.

ஒருநாள் அரூர் போய், அங்கிருந்து பஸ் பிடித்துத் தீர்த்தமலை ஏறுங்கள். மேலே பாறையிலிருந்து தண்ணீர் விழும். கையை நீட்டிப் பிடித்து ஒரு வாய் குடித்துவிட்டு, 'சும்மா' பற்றி எனக்கு மறுபடி எழுதுங்கள். கட்டாயம் போடுகிறேன்.