மகள் ரிஃப்ளெக்ஸாலஜி படிக்கிறேன் என்கிறாளா?

அன்புள்ள அம்மா,

“பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்தவள், கால் பிடித்துவிடும் வேலைக்கா போக வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை புரிகிறது. ஆனால் இந்த வேலையில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. நீங்கள் யோசிக்க வேண்டியது வேறு.

பாதத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் உடலின் ஓர் உறுப்போடு தொடர்பு உண்டு, அங்கே அழுத்தினால் அந்த உறுப்பு சீராகும் என்பதுதான் ரிஃப்ளெக்ஸாலஜியின் அடிப்படை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு உடலைப் பத்து மண்டலங்களாகப் பிரித்தார். 1930களில் அமெரிக்க பிசியோதெரபிஸ்ட் யூனிஸ் இங்காம் அதைப் பாத வரைபடமாக வளர்த்தெடுத்தார். இந்த வரைபடத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. எந்த நோயும் இதனால் குணமாகும் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அரை மணி, ஒரு மணி நேரம் நிதானமாகப் பாதத்தைப் பிடித்துவிட்டால் உடம்பு இளகும், மனசு லேசாகும். அந்த இளைப்பாறலைக் கொடுப்பதுதான் தொழில். இந்த எல்லை தெரிந்து உங்கள் மகள் போனால் நான் தடுக்க மாட்டேன்.

உடம்பு வணங்கிச் செய்ய வேண்டிய வேலை இது. கட்டைவிரலின் முதல் மூட்டை மடக்கி நீட்டி, கம்பளிப்பூச்சி ஊர்வது போலப் பாதம் முழுக்க நகர்த்த வேண்டும். நாளெல்லாம் செய்தால் அந்த மூட்டே வலிக்க ஆரம்பிக்கும். அதைவிட முக்கியம், கை வைப்பதற்கு முன் பாதத்தைப் பார்க்கத் தெரிவது. சர்க்கரை நோய் நாள்பட்டவர்களுக்குப் பாதம் மரத்துப் போயிருக்கலாம். வெந்நீர் சுட்டாலும் தெரியாது, அழுத்தம் கூடினாலும் தெரியாது. சின்னச் சிராய்ப்பு ஆறாத புண்ணாகிவிடும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அங்கே தொடவே கூடாது, உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

இந்தியாவில் இதற்கென்று சட்டப்படியான கவுன்சில் கிடையாது. வார இறுதி வகுப்பில் டிப்ளமோ வாங்கிப் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போட்டுக்கொள்ள முடியாது. அதனால் என் யோசனை இதுதான்: கையால் ஆறுதல் கொடுப்பதில் அவளுக்கு உண்மையான ஈடுபாடு இருந்தால் பிசியோதெரபி படிக்கட்டும். இல்லையென்றால் பி.என்.ஒய்.எஸ். என்னும் இயற்கை மருத்துவப் பட்டம். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு; சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. ரிஃப்ளெக்ஸாலஜியைப் பிறகு கூடுதலாகக் கற்றுக்கொள்ளலாம்.

சீக்கிரம் சம்பாதித்தே ஆக வேண்டிய நிலைமையா? சரி, ஸ்பா தெரபிஸ்ட் திறன் பயிற்சி இருக்கிறது. ஹோட்டல், ரிசார்ட்டுகளில் வேலை கிடைக்கும். சேரும் முன் அந்த இடத்தை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள்; பெண்பிள்ளை விஷயத்தில் இதற்குக் கூச்சப்படாதீர்கள். சிங்கப்பூர், மலேசியா என்று யாராவது பேசினால், பதிவு பெற்ற ஏஜென்ட்தானா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

பயிற்சி நிலையத்துக்குப் போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள். உடற்கூறியல் யார் நடத்துகிறார், நேரடிப் பயிற்சி எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். அப்புறம், “யாருக்கெல்லாம் இதைச் செய்யக் கூடாது?” என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். “எல்லோருக்கும் செய்யலாம், பக்கவிளைவே இல்லை” என்று பதில் வந்தால், பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.