படுத்துக்கொண்டே பார்த்த வைத்தியங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. மும்பைக் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் டோம்பிவிலியிலிருந்து ரயிலில் போய் வருகிறேன். ஆறேழு ஆண்டுகளாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கீழ் முதுகெலும்பில் எல்-4, எல்-5 எலும்புகளின் இடையே டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கொள்ளு ஒத்தடம், வாத நாராயணன் கீரை, வர்மம், அக்குபங்சர், காந்த பெல்ட், வெறும் பலகையில் படுக்கை என்று எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியாக உறவினர் ஒருவர் வாங்கிக் கொடுத்த மூலிகைப் பொடிதான் இரண்டே நாளில் கேட்டது. இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். பசி நன்றாக எடுக்கிறது, முகமும் பூரித்திருக்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். இப்படிக் கைமேல் பலன் இருந்தும் உங்கள் பத்திரிகை நாட்டு வைத்தியத்தை ஏளனம் செய்வது ஏன்? பக்கவிளைவே இல்லாத இயற்கை மருந்துதானே? கேரளாவில் ஒரு வைத்தியசாலையில் இருபத்தொரு நாள் தங்கிச் சிகிச்சை பெறலாமா என்றும் யோசிக்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், டோம்பிவிலி கிழக்கு

பதில்: ஏளனத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம், பொடிதான் அவசரம். ஆண்டுக்கணக்காக எதற்கும் அடங்காத வலி இரண்டே நாளில் அடங்கியது, பசி கூடியது, முகம் பூரித்தது என்று நீங்கள் பெருமையோடு எழுதியிருக்கும் மூன்றையும் அதே வரிசையில் ஒரு மருத்துவரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் உங்கள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, ரத்தச் சர்க்கரையைச் சோதிக்கச் சீட்டு எழுதுவார். வலிக்கென்று விற்கப்படும் பெயரில்லாப் பொடிகளிலும் உருண்டைகளிலும் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகளும் டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணிகளும் கலந்திருப்பது ஆய்வுக்கூடங்களில் பலமுறை பிடிபட்ட சங்கதி. நான் மருத்துவனும் அல்லன், உங்கள் பொடியைக் கண்ணால் கண்டவனும் அல்லன். ஆனால் வேரும் இலையும் இவ்வளவு வேகமாக வேலை செய்வதில்லை என்பதை நேர்மையான பரம்பரை வைத்தியர்களே சொல்வார்கள். பசியைக் கூட்டுவதும் முகத்தை ஊத வைப்பதும் ஸ்டீராய்டின் குணம். கலந்திருப்பது அதுவாக இருந்தால், அது சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடுவதோடு, மாதக்கணக்கில் சாப்பிடச் சாப்பிட எலும்பின் வலுவையும் குறைக்கும். எந்த முதுகெலும்புக்காக அதை விழுங்குகிறீர்களோ, அதையே அது பலவீனமாக்கும்.

இதைப் படித்த கையோடு டப்பாவைக் குப்பையில் போட்டுவிடவும் வேண்டாம். ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால், அதே வகைச் சுரப்பை உடலுக்குள் உண்டாக்கும் அட்ரினல் சுரப்பிகள் தம் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. அந்த நிலையில் மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாக முடிவதுண்டு. ஆகவே டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு நாளையே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள்; எப்படி நிறுத்துவது என்பதை அவர் முடிவு செய்யட்டும். கூச்சப்பட்டு டப்பாவை வீட்டில் வைத்துவிட்டு, ‘ஏதோ ஆயுர்வேதம்’ என்று மழுப்பாதீர்கள். ஆயுர்வேத, சித்த மருந்துகளின் மேல்சீட்டில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், சேர்மானங்கள் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம். உங்கள் கடிதத்தில் ‘உறவினர் வாங்கிக் கொடுத்தது’ என்பதற்கு மேல் ஒரு விவரமும் இல்லை. உறவினருக்கு உரிம எண் கிடையாது.

இயற்கையானது என்பதால் பக்கவிளைவு இருக்காது என்ற நம்பிக்கைக்கும் ஒரு சொல். எட்டிக்கொட்டையும் இயற்கையில் விளைவதுதான். அதை நஞ்சு நீங்கச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று சித்த வைத்தியமே விதித்திருக்கிறது. இணையத்தில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிச் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008-இல் வெளியானது. அவற்றில் ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் தயாரானவையும் இந்தியாவில் தயாரானவையும் அதில் ஏறத்தாழ ஒரே தரம்தான்.

இனி ஏளனம். இடுப்பு வலியைப் பொறுத்தவரை ஆங்கில வைத்தியத்தின் பழைய கணக்கும் அப்படியொன்றும் சுத்தமானதில்லை. ‘வாரக்கணக்கில் அசையாமல் படு’ என்று ஒரு தலைமுறைக்கே சொன்னவர்கள் டாக்டர்கள்தாம். இரண்டு நாள் படுத்தவர்களும் ஏழு நாள் படுத்தவர்களும் ஒரே அளவில்தான் தேறினார்கள், இரண்டு நாள் படுத்தவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள் என்பது 1986-இலேயே தெரிந்துவிட்டது. திடீரென்று வரும் இடுப்புப் பிடிப்புக்குப் பாராசிட்டமால் வெற்று மாத்திரையைவிடச் சீக்கிரம் குணம் தரவில்லை என்று 2014-இல் ஆஸ்திரேலியர்கள் காட்டினார்கள். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்பட்ட இடுப்பு வலிக்கென்று வெளியிட்ட வழிகாட்டுதல், இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனும், ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மாத்திரைகளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நம் ஊர் கிளினிக்குகளில் முதல் நாளே எழுதிக் கொடுக்கப்படும் பெல்ட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அதே வழிகாட்டுதல் உடற்பயிற்சி, மசாஜ், ஊசி குத்தும் சிகிச்சை ஆகியவற்றுக்கு இடம் கொடுத்திருக்கிறது. மிளகாய்ச் சத்து சேர்ந்த பூச்சு மருந்துக்குக்கூட அதில் இடமுண்டு. (சமையலறை மிளகாய்த்தூளைக் குழைத்துத் தடவ வேண்டாம், யாராவது ஒருவர் செய்வார் என்பதால் எழுதி வைக்கிறேன்.) ஆகவே நாட்டு வைத்தியமா இங்கிலீஷ் வைத்தியமா என்று கட்சி கட்டிக்கொண்டு கேட்பதில் பயனில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

கொள்ளு ஒத்தடத்தைத் தாராளமாகத் தொடருங்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய கொள்ளை இரும்புச் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்துப் பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒற்றினால் கிடைக்கும் சுகம், சூடு தரும் சுகம். இறுகிய தசை சூட்டில் சற்று நேரம் இளகும், அதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. கல் உப்பை வறுத்தாலும், வெந்நீர்ப் பையை வைத்தாலும் அதே பலன்தான். முடிச்சை முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் எழும்பிய பிறகுதான் சூடு தெரியும். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்பது இப்போது நிச்சயமில்லாத விஷயம்.

அக்குபங்சர் கதை சுவையானது. 2007-இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில் இடுப்பு வலிக்காரர்கள் 1,162 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்குச் சாஸ்திரப்படி உரிய இடங்களில் ஊசி. இன்னொரு பிரிவினருக்கு வேண்டுமென்றே சாஸ்திரத்தில் இல்லாத இடங்களில், ஆழமில்லாமல், ஊசி. மூன்றாம் பிரிவினருக்கு வழக்கமான மருந்தும் பயிற்சியும். ஆறு மாதம் கழித்து முதல் பிரிவில் 47.6 சதவீதத்தினரும், இடம் தப்பிக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதத்தினரும் தேறியிருந்தார்கள், மருந்துக்காரர்கள் 27.4 சதவீதம். ஊசிக்காரர்கள் ஜெயித்தார்கள் என்று ஒரு கட்சி கொண்டாடியது, ஊசி குத்தும் இடத்துக்கு மதிப்பே இல்லை என்று மறுகட்சி கொண்டாடியது. எனக்குத் தெரிவது இதுதான்: ஒருவர் உங்கள் முதுகைப் பொறுமையாகத் தொட்டுப் பார்த்து, வாரம் இருமுறை அரை மணி நேரம் உங்களோடு செலவழித்தால், அதற்கே வலி ஓரளவு பணிகிறது. உங்கள் வர்ம வைத்தியரின் கைராசியிலும் இதற்கு ஒரு பங்கு உண்டு. அவர் கழுத்தையும் முதுகையும் சடக்கென்று திருகாதவரை எனக்கு அவரோடு வழக்கில்லை.

காந்த பெல்ட்டில் காசுதான் போயிற்று. வாத நாராயணன் கீரை வயிற்றை இளக்கும், அளவாகச் சாப்பிடுங்கள். பலகைப் படுக்கையை மட்டும் இன்றே கைவிடுங்கள். மிகக் கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி குறைந்தது என்று ஸ்பெயினில் 313 பேரிடம் சோதித்து 2003-இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

எல்லாமே கொஞ்ச நாள் கேட்டதாகவும் பிறகு கேட்கவில்லை என்றும் இங்கே சுருக்கி வெளியிட்டிருக்கும் உங்கள் கடிதத்தின் முழு வடிவத்தில் எழுதியிருக்கிறீர்கள். நாட்பட்ட இடுப்பு வலி தானாகவே ஏறி இறங்கும் குணமுடையது. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிய வைத்தியரைத் தேடிப் போகிறோம்; உச்சத்திலிருந்து அது எப்படியும் இறங்கத்தான் போகிறது; இறங்கும்போது யார் பக்கத்தில் நின்றாரோ அவருக்கு மாலை விழுகிறது. உங்கள் பட்டியலில் என் கண்ணை உறுத்தியது வேறொன்று. ஒத்தடத்துக்குப் படுக்கிறீர்கள், வர்மத்துக்குப் படுக்கிறீர்கள், ஊசிக்குப் படுக்கிறீர்கள், பலகையில் படுக்கிறீர்கள். பிறர் உங்களுக்குச் செய்தது அத்தனையும் இருக்கிறது, உங்கள் கால்கள் செய்தது ஒன்றுகூட இல்லை.

அண்மையில் இடுப்பு வலி வந்து தேறிய 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடத்தி 2024-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்தபடி நடை. சிறிது சிறிதாகக் கூட்டி, ஆறு மாதத்துக்குள் வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் என்ற அளவு இலக்கு. நடக்காத பிரிவில் வலி திரும்பி வருவதற்கு இடைநிலையாக (அதாவது, பாதிப் பேருக்குத் திரும்பிவிட்ட கணக்கில்) 112 நாள் ஆயிற்று; நடந்தவர்களுக்கு 208 நாள். உங்களுடையது விட்டு விட்டு வரும் வலி என்பதால் இது உங்களுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன். டோம்பிவிலி வண்டியில் ஒன்றேகால் மணி நேரம் நெரிசலில் நின்றுகொண்டு போவதை நடையில் சேர்க்காதீர்கள். சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் இறங்கி அலுவலகத்துக்கு ஷேர் டாக்சி பிடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தூரத்திலிருந்து தொடங்கலாம். பயிற்சி கற்றுக்கொள்ளப் பரேல் கே.இ.எம். மருத்துவமனையிலும் சயான் மருத்துவமனையிலும் பிசியோதெரபி துறைகள் இருக்கின்றன. இரண்டும் உங்கள் ரயில் பாதையிலேயே இருப்பவை, தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் செலவும் சொற்பம்.

எம்.ஆர்.ஐ. தாளைப் பார்த்து நடுங்க வேண்டாம். இடுப்பு வலியே இல்லாதவர்களின் படங்களை எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, இருபது வயதினரில் 30 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 84 சதவீதத்தினருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. உங்கள் வலிக்கு அந்தப் பிதுக்கம்தான் காரணமா என்பதை உங்களைத் தொட்டுச் சோதிக்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

வைத்தியம் மாற்றிக்கொண்டிருப்பதில் எனக்கு உண்மையான பயம் ஒன்று உண்டு. மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவற்றோடு வரும் முதுகு வலி முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். மும்பையில் அதை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. அதற்கு இருமல் இருக்க வேண்டும் என்பதில்லை, அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம், தைலம் தேய்த்துக் கழிக்கும் மாதங்களில் கால்கள் செயலிழந்து போனவர்கள் உண்டு. சிறுநீர் போக முடியாமல் போவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, தொடையிடுக்கில் மரத்துப் போவது ஆகியவை தோன்றினால் மறுநாள் காலை வரைகூடக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

கேரளாப் பயணத்துக்கு வருவோம். இடுப்பைச் சுற்றி உளுந்து மாவால் வரம்பு கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான எண்ணெயை நிறுத்தி வைப்பார்கள், மூலிகை முடிந்த கிழியால் ஒற்றுவார்கள், பத்தியச் சாப்பாடு போடுவார்கள். இருபத்தொரு நாள் ரயிலும் நாற்காலியும் மாதக் கடைசிக் கணக்கும் இல்லாமல் இருந்தால் இடுப்பு இளகத்தான் செய்யும், அதில் எண்ணெயின் பங்கு எவ்வளவு, விடுப்பின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். பணமும் விடுப்பும் இருந்தால் போய் வாருங்கள். பொடி விவகாரத்தை மருத்துவரிடம் முடித்துக்கொண்ட பிறகு போங்கள், அங்கே உள்ளுக்குக் கொடுக்கும் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதி வாங்குங்கள். நேத்ராவதி எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏறத்தாழ ஒரு நாள் உட்கார்ந்து போக வேண்டியிருக்கும். மணிக்கொரு தரம் எழுந்து பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துவிட்டு வந்து உட்காருங்கள்.