மரத்தில் வைரம் பாய்வது என்றால் என்ன? புளியங்கட்டையின் நடுப்பகுதி மட்டும் ஏன் எளிதில் உளுப்பதில்லை?

வயதான மரத்தின் நடுவில் கறுத்து இறுகிப்போன பகுதிதான் வைரம். அதைச் சுற்றி வெளுத்திருக்கும் பகுதி வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. அதில் மாவுச்சத்து தேங்கியிருப்பதால் வண்டுக்கு நல்ல தீனி. மரம் பருக்கப் பருக்க உள்வளையங்களுக்கு அந்த வேலை இல்லாமல் போகிறது. அங்குள்ள செல்கள் சாகும்போது துவர்ப்பும் பிசினும் எண்ணெயும் அங்கே ஊறிவிடுகின்றன. உப்பும் எண்ணெயும் ஊறிய மாங்காயில் பூஞ்சை பிடிக்காதது போலத்தான் இதுவும்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் உரல், உலக்கை, கறிக்கடை வெட்டுக்கட்டை என்றாலே புளியமரம்தான். அதில் வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். இளமரத்தை அறுத்தால் பெரும்பாலும் வெளுத்த கட்டைதான் கிடைக்கும். அது சீக்கிரம் உளுத்துவிடும். தேன்கனிக்கோட்டை மலைக்காட்டுச் சந்தனமும் அப்படித்தான், வாசனை வைரத்திலும் வேரிலும்தான் இருக்கிறது. அவசரப்பட்டு வெட்டினால் மரமும் போச்சு, பலனும் இல்லை.

அப்புறம், நடுவில் பொந்து விழுந்த சாலையோரப் புளியமரத்தைச் செத்த மரம் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் ஏறுவது வெளிப்பகுதியில்தான் என்பதால், பொந்து விழுந்த மரமும் பல ஆண்டுகள் காய்க்கும். சாய்ந்துவிடுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அடிமரத்தில் சுற்றிவரப் பட்டையை உரித்தால், வைரம் முழுசாக இருந்தாலும் மரம் பட்டுப்போகும்.