ஸ்டென்ட் வெச்ச அப்பா வீடியோ கால்ல டாக்டர பாக்க மாட்டேங்கிறார், என்ன பண்றது?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயசு. அட்டாக் வந்து மதுரையில ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாய் அடைக்காம விரிச்சு வைக்கிற குட்டி வலைக்குழாய்) வெச்சு மூணு மாசம் ஆச்சு, இப்ப போடி பக்கத்துல ஊர்ல அம்மாகூட இருக்கார். ரெண்டு செக்கப் நேர்ல போயாச்சு, இனிமே வீடியோ கால் போதும்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. அவரோ "கை வெச்சுப் பாக்காம அதென்ன வைத்தியம்"ங்கிறார். எனக்கு சென்னையில வேலை, அடிக்கடி லீவு கிடைக்காது.

பதில்: அப்பா சொல்றதுல பாதி நியாயம் இருக்குங்க, அத அவர்கிட்டயே ஒத்துக்கங்க. ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), ஸ்டெத் வெச்சு நெஞ்சு சத்தம் கேக்கறது எதுவும் போன்ல நடக்காது. 2020 மார்ச்ல வந்த மத்திய அரசு டெலிமெடிசின் வழிகாட்டுதல்லயே, போன்ல பாத்தா போதுமா நேர்ல வரணுமான்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும்னு இருக்கு, அதனால வாங்கன்னு கூப்பிட்டா போயிடணும்.

ஆனா நடுவுல வர்ற செக்கப்ல முக்கால்வாசி பேச்சும் மாத்திரையும்தான். டாக்டரா நான் வீடியோல வந்ததும் மாத்திரை டப்பாவ கட்டில்ல கொட்டச் சொல்லுவேன். ஒரு பெரியவர் கொட்டினப்ப கொலஸ்ட்ரால் மாத்திரை ரெண்டு கம்பெனி பேர்ல ரெண்டு அட்டை, ஒண்ணு ஆஸ்பத்திரில குடுத்தது, இன்னொண்ணு ஊர் மெடிக்கல்ல வாங்கினது, மனுஷன் ரெண்டையும் போட்டுட்டு இருந்திருக்கார். நேர்ல வந்தப்பல்லாம் பைய வீட்டுல மறந்துட்டு வருவார், எனக்கு எப்படித் தெரியும்? ரத்தம் உறையாம இருக்க ஆஸ்பிரினோட சேத்து குளோபிடோக்ரெலோ டிகாக்ரெலாரோ குடுத்திருப்பாங்க, அட்டாக்குக்கு அப்புறம் பொதுவா ஒரு வருஷம் ரெண்டும் ஓடும், பல்லு புடுங்கணும்னு யாராவது நிறுத்தச் சொன்னாக்கூட இதய டாக்டர கேக்காம நிறுத்திட்டா ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சிடலாம். இத கேக்கறதுக்கு போடிலேர்ந்து மதுரைக்கு பஸ் ஏறணுமா சொல்லுங்க.

கை வெச்சுப் பாக்கணும், அவ்வளவுதானே? அம்மா வைக்கட்டும். கணுக்காலுக்கு மேல, முன்னெலும்பு மேல கட்டைவிரலால பத்து செகண்ட் அழுத்தி எடுக்கச் சொல்லுங்க, குழி விழுந்து அப்படியே நின்னா நீர் கோத்திருக்கு, அத கேமராவுல காட்டினாலே டாக்டருக்குப் பாதி விஷயம் புரிஞ்சிடும். வீடியோ கால் வர்ற அன்னைக்கு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காந்துட்டு பிபி எடுங்க, காபி குடிச்ச உடனே வேணாம். தினமும் காலைல எடை பாக்கணும், மூணு நாள்ல ரெண்டு கிலோ ஏறிருந்தா உடம்புல நீர் சேருதோ என்னவோ, அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம போன் பண்ணுங்க.

இன்னொண்ணு, கோச்சுக்காதீங்க: கான்ஃபரன்ஸ்ல சேந்து அப்பாவுக்குப் பதிலா நீங்களே பேசிடாதீங்க. நிறைய வீட்டுல புள்ளைங்க பேச பேச பெரியவர் ஃபேனப் பாத்துட்டு உக்காந்திருப்பார், அப்புறம் அவருக்கு எப்படி அது வைத்தியமாத் தெரியும்? எத்தன தலகாணி வெச்சுப் படுக்கறார் (தாழப் படுத்தா மூச்சு முட்டுதான்னு பாக்கத்தான்), நடந்தா மூச்சு வாங்குதான்னு அவர் வாயால வரட்டும்.

அரசாங்கத்தோட ஆன்லைன் டாக்டர் சேவை இ-சஞ்சீவனி இலவசம்தான், சாதாரண சந்தேகத்துக்கு நல்லது. ஆனா அப்பாவுக்கு மதுரையில பாத்த அதே டாக்டர் கிடைக்கிற நேரமா கேட்டு வாங்குங்க, தெரிஞ்ச முகம்னா பாதி அடம் அடங்கிடும். எக்கோ எடுக்க வேண்டிய தடவ மட்டும் லீவு போட்டு நீங்களே கூட்டிட்டுப் போங்க.

நெஞ்சு வலி, திடீர் வேர்வை, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தா மட்டும் வீடியோ கால் போடாதீங்க, நேரா 108. இந்த நம்பர அம்மா போன்ல இன்னைக்கே சேவ் பண்ணிக் குடுத்துடுங்க.