கணினிக் கேள்வி – பதில்: கிட்ட நிற்கும் இயந்திரத்தைத் தேட ஏன் இவ்வளவு நேரம்?

கேள்வி: உழவு, அறுவடை இயந்திரங்களில் பூட்டிய ஜிபிஎஸ் கருவிகள் அனுப்பும் இடங்கள் எங்கள் மைஎஸ்க்யூஎல் 8 தரவுத்தளத்தில் இருபது இலட்சம் வரிகளைத் தாண்டிவிட்டன. ‘10 கிலோமீற்றருக்குள் எது நிற்கிறது?’ என்று வயற்காரர் போனில் தேடினால் விடை வரப் பல செக்கன்கள் ஆகின்றன. அகலாங்குக்கும் நெட்டாங்குக்கும் தனித்தனியே இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டி) போட்டும் பயனில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், மாங்குளம்

பதில்: இன்டெக்ஸைத் தொடுமுன் அட்டவணையைப் பிரியுங்கள். வயற்காரருக்கு வேண்டியது இயந்திரம் இப்போது நிற்கும் இடம்; போன மாதம் ஓடிய தடம் அல்ல. தற்போதைய இடத்துக்கு ஓர் அட்டவணை, அதில் இயந்திரத்துக்கு ஒரேயொரு வரி. பழைய தடமெல்லாம் வேறோர் அட்டவணைக்குப் போகட்டும். சிக்கலின் பெரும்பகுதி இதிலேயே தீரும்.

தனித்தனி இன்டெக்ஸ் உதவாததற்குக் காரணம் உண்டு. மாங்குளத்தைச் சுற்றி அகலாங்கை மட்டும் பார்த்தால் மன்னார்க் கரையிலிருந்து முல்லைத்தீவுக் கரைவரை ஒரு பட்டை முழுவதும் அகப்படும். பிறகு அதை வரிவரியாகச் சலிக்க வேண்டும். இரு திசையையும் சேர்த்துத் தேடுவது ஸ்பேஷியல் இன்டெக்ஸ். அதற்கு இடத்தைப் பொயின்ட் வகை நிரலாக, நொட் நல் (வெறுமையாக விடக்கூடாது) என்றும் எஸ்ஆர்ஐடி 4326 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் ஆள்கூற்று முறையின் எண்) என்றும் குறித்து அமையுங்கள். எஸ்ஆர்ஐடி குறிக்காத நிரலில் இன்டெக்ஸ் இருந்தாலும் தேடும்போது மைஎஸ்க்யூஎல் அதைப் பயன்படுத்தாது. தேடல் கட்டளைக்கு முன்னால் எக்ஸ்பிளெய்ன் போட்டு, கீ என்ற இடத்தில் இன்டெக்ஸின் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

தேடலை இரண்டு படியாக எழுதுங்கள். தூரம் கணக்கிடும் எஸ்டி_டிஸ்டன்ஸ்_ஸ்பியர் மட்டும் எழுதினால் எல்லா வரிக்கும் தூரம் கணக்கிடப்படும். நேரம் போவது அங்கேதான். முதலில் எம்பிஆர்கன்டெய்ன்ஸ் கொண்டு ஒரு பெட்டியை வெட்டி, அதற்குள் அகப்பட்டவற்றுக்கு மட்டும் தூரம் பாருங்கள். நம் பக்கத்தில் ஒரு பாகை ஏறத்தாழ 110 கிலோமீற்றர். ஆகவே 10 கிலோமீற்றருக்கு நாலு பக்கமும் 0.092 பாகை விட்டால் போதும். பெட்டி அமைக்கும் எஸ்டி_மேக்என்வலப் 4326 உடன் இயங்காது. நான்கு மூலைகளையும் எழுதி, முதல் மூலையைக் கடைசியில் மறுபடி கொடுத்துப் பலகோணமாக அமையுங்கள்.

மிகக் கவனமாயிருக்க வேண்டியது எண்களின் வரிசை. மைஎஸ்க்யூஎல்லில் 4326க்கு அகலாங்கு முந்தி: 9.13 80.45. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் இடத்தரவு நீட்சியான போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் நெட்டாங்கு முந்தி. மாறிப்போனால் உங்கள் இயந்திரம் வடதுருவப் பக்கம், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு அருகே போய் நிற்கும். 80 பாகையும் செல்லுபடியான அகலாங்கு என்பதால் பிழைச்செய்தி எதுவும் வராது. தேடல் வெறுமையாகத் திரும்பும்.

இன்னொன்று, இது நேர்கோட்டுத் தூரம். இரணைமடுக் குளத்தின் ஒரு கரையில் நிற்பது மறுகரையில் இருப்பவருக்குப் பட்டியலில் முதலாவதாக வரும். தெருவால் வருவதோ நெடுந்தூரம். கிட்டிய 20ஐ மட்டும் எடுத்து, ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்ற இலவச வரைபடத் தரவுடன், தெருவழி கணக்கிடும் ஓஎஸ்ஆர்எம் மென்பொருளை உங்கள் சேர்வரில் நிறுவித் தெருத்தூரப்படி அடுக்குங்கள். காலபோக அறுவடையில் மழை இருண்டு வரும்போது விளைந்த நெல் நனையாமல் வீடு வருவது இந்த வரிசையில் தங்கியிருக்கலாம். கருவி கடைசியாகச் செய்தி அனுப்பி அரை மணித்தியாலம் தாண்டிய வரிகளையும் பட்டியலில் காட்டாதீர்கள்.